சுட்டவளை விடுங்கள், சூ எலனைப் பாருங்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'டாலஸ்'ஸில் எனக்குப் பிடித்த எபிசோடுகளை வரிசைப்படுத்தினால், ஊர் உலகமெல்லாம் பேசிய அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்வரிசையில் இடமில்லை என்று. வாசகர்கள் விடுவார்களா? கோபித்துக்கொண்டு சிலர், கூடச் சேர்ந்துகொண்டு சிலர், 'அது என்ன தொடர் அம்மா?' என்று கேட்டு இளையவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுக்க அதற்கே போய்விட்டது. சமையல் குறிப்பும் சாதகப் பலனும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன தொடர் அது. இரண்டே வரியில் கதை சொல்லுங்களேன்?

இரண்டு வரியில் அடங்காது. 1978 ஏப்ரல் 2-ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 1991 மே 3-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் 357 எபிசோடுகள். அமெரிக்காவில் அதுவரை நெடுந்தொடர் என்றால் பெரும்பாலும் பகல் நேரச் சரக்கு. குடும்பமே கூடி உட்காரும் இரவு நேரத்துக்கு அதைக் கொண்டுவந்து, வாரம் ஒருமுறை ஒளிபரப்பி வெற்றிபெற வைத்ததில் 'டாலஸ்'ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. உருவாக்கியவர் டேவிட் ஜேக்கப்ஸ்.

டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய் எடுத்துப் பணக்காரர்களான யூயிங் குடும்பம் ஒரு பக்கம். தங்களை ஏமாற்றித்தான் அவர்கள் பணக்காரர்களானார்கள் என்று பொருமும் பார்ன்ஸ் குடும்பம் மறுபக்கம். யூயிங் வீட்டுக் கடைக்குட்டி பாபி, பார்ன்ஸ் வீட்டுப் பெண் பமீலாவைத் திருமணம் செய்து, நேராக சௌத்ஃபோர்க் பண்ணை வீட்டுக்கு அழைத்து வருகிறான். முதல் எபிசோடே அதுதான். அந்த வீட்டில் அப்பா ஜாக், அம்மா மிஸ் எல்லி, மூத்தவன் ஜே.ஆர்., அவன் மனைவி சூ எலன், பேத்தி லூசி என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இத்தனை கோடி வைத்திருப்பவர்கள் ஏன் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்காதீர்கள். போயிருந்தால் தொடர் ஐந்தாவது வாரத்தில் முடிந்திருக்கும்.

ஜே.ஆரைச் சுட்ட எபிசோடைப் பிடிக்காது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தொலைக்காட்சி வரலாற்றிலேயே பெரிய எபிசோடு அல்லவா அது?

பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1980 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை இரவு, சுட்டது யார் என்று வெளியானபோது அமெரிக்காவில் சுமார் 8 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் நூற்றுக்கு 76-இல் 'டாலஸ்'. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே 'டைம்' பத்திரிகை ஜே.ஆரின் முகத்தை அட்டையில் போட்டாயிற்று. அதிபர் தேர்தல் ஆண்டு வேறு, 'ஜே.ஆரைச் சுட்டது ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர்தான்' என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளை அச்சடித்தார்கள்.

ஆனால் நான் கேட்பது, அந்த எபிசோடில் என்ன இருக்கிறது என்பதை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 1980 மார்ச் 21-ஆம் தேதி வந்த 'எ ஹவுஸ் டிவைடட்', அதாவது சுடப்படும் எபிசோடு, நல்ல எபிசோடு. ஆசியாவில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அந்நாட்டு அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஜே.ஆருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தே அவற்றை நண்பர்கள் தலையில் கட்டிவிடுகிறான். மனைவியை மனநலக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறான். மைத்துனி கிறிஸ்டினை ஊரைவிட்டுப் போ, இல்லாவிட்டால் சிறை என்று மிரட்டுகிறான். தம்பி பாபி வெறுத்துப்போய் மனைவியோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். ஒரே மணி நேரத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அவனைக் கொல்லக் காரணம் கிடைத்துவிடுகிறது. இரவு, அலுவலகத்தில் தனியாக இருக்கிறான். ஏதோ சத்தம். எட்டிப் பார்க்கிறான். இரண்டு குண்டுகள்.

நவம்பரில் வந்த விடையோ வெறும் விடை. சுட்டது கிறிஸ்டின். அவள் வயிற்றில் ஜே.ஆரின் குழந்தை இருப்பதால் வழக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். புதிர்ப் போட்டியின் விடையைத் தெரிந்துகொண்ட பிறகு யார் மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்? அந்த எபிசோடில் நான் மறுபடி பார்ப்பது ஒன்றைத்தான்: சுட்டது தான் இல்லை என்பதே தெரியாமல் தவிக்கும் சூ எலனை. அன்றிரவு மிதமிஞ்சிக் குடித்திருந்தாள். துப்பாக்கியை எடுத்தது நினைவிருக்கிறது, சுட்டோமா என்பது நினைவில்லை. மருத்துவரிடம் போய், அவர் தன்னை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தி, மறந்ததை நினைவுக்குக் கொண்டுவர அனுமதிக்கிறாள். 'நான் செய்திருக்கக்கூடியவள்தான்' என்ற பயம் சூ எலனாக நடித்த லிண்டா கிரேயின் முகத்தில் வந்து நிற்கிறது பாருங்கள், அதற்கு 8 கோடிப் பேர் தேவையில்லை.

நடித்தவர்களுக்காவது சுட்டது யார் என்று முன்பே தெரியுமா?

தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவராகப் பல நடிகர்களைத் துப்பாக்கியோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள், எது திரையில் வரும் என்று படப்பிடிப்புத் தளத்தில் இருப்பவர்களே ஊகிக்க முடியாதபடி. இன்னொரு வேடிக்கை: இந்தத் துப்பாக்கிச் சூடே முன்திட்டமில்லாமல் வந்தது. தொடர் நன்றாகப் போகிறது, சீசன் முடிவில் இன்னும் இரண்டு எபிசோடு கொடுங்கள் என்று சிபிஎஸ் கேட்டது. எழுத்தாளர்கள் யோசித்தார்கள், ஆளைச் சுட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் புதிய சீசன் நவம்பருக்குத் தள்ளிப்போனது. காத்திருப்பு எட்டு மாதமாக நீண்டது. ஜே.ஆராக நடித்த லாரி ஹேக்மன் இடையில் சம்பள உயர்வு கேட்டுப் பேரம் பேசி வாங்கியும் கொண்டார். ஜே.ஆரும் அதைத்தான் செய்திருப்பான்.

ஜே.ஆரை எத்தனை முறை சுட்டார்கள்?

சுடாதவர்களை எண்ணுவது எளிது. 1980-இல் அநியாயமாகப் பழி சுமந்த சூ எலன், 1988 மே மாதத்து சீசன் முடிவில் உண்மையாகவே சுட்டாள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். அதற்கு யாரும் வில்லை அச்சடிக்கவில்லை.

எந்தக் கேள்விக்கும் சூ எலனில் போய் நிற்கிறீர்களே, அம்மா? அந்தத் தொடரில் வேறு ஆளே இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால் அவள் வந்த வழியைப் பாருங்கள். முதலில் வந்தது ஐந்தே எபிசோடுகள் கொண்ட குறுந்தொடர். அதில் லிண்டா கிரேயின் பெயர் டைட்டிலில் முதன்மை நடிகர்கள் வரிசையில்கூட இல்லை. சோபாவில் ஒரு ஓரமாக, கையில் கோப்பையோடு, அழகாக உட்கார்ந்திருக்க வேண்டியது. அதற்கு ஒரு பெண் தேவை, அவ்வளவுதான்.

நான்காவது எபிசோடு 'விண்ட்ஸ் ஆஃப் வெஞ்சென்ஸ்'. புயல் நாள். ஜே.ஆரும் பண்ணை மேலாளர் ரேயும் வெளியூரில் இரண்டு பெண்களோடு இரவைக் கழித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கணவன் ஒரு துணையோடு துப்பாக்கியுமாக சௌத்ஃபோர்க் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அந்தக் கணவனாக வருபவர் பிற்காலத்தில் பெரும் பெயர் எடுத்த பிரையன் டென்னஹி. சூ எலன் முன்னாள் மிஸ் டெக்சஸ் என்று தெரிந்ததும், போட்டியில் போட்ட உடையைப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் பாடு என்கிறான். பாடுகிறாள். குரல் நடுங்குகிறது, சுருதி விலகுகிறது, நிறுத்த விடமாட்டேன் என்கிறான். கேமரா கொஞ்சம் ஜே.ஆரின் முகத்தையும் காட்டுகிறது. இந்த அவமானத்துக்குக் காரணம் தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்காக அவன் திருந்திவிடவும் இல்லை. தொடர் என்னவாக ஆகப்போகிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதன்பிறகு எழுத்தாளர்கள் பெரிய பெரிய காட்சிகளாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 1979 ஏப்ரலில், 'ஜான் யூயிங் த தேர்ட்'. நிறைமாதக் கர்ப்பிணி, குடி நிற்கவில்லை என்று காப்பகத்தில் அடைக்கிறார்கள். தப்பித்து ஓடி, குடித்துவிட்டுக் கார் ஓட்டி, விபத்தில் மாட்டிக்கொள்கிறாள். குழந்தை குறைப்பிரசவத்தில் பிறக்கிறது. தகப்பன் ஜே.ஆரா, அவனுடைய எதிரி க்ளிஃப் பார்ன்ஸா என்று அவளுக்கே உறுதியில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரண்டு ஆண்களும் தவிக்கிறார்கள். அவளோ பிழைப்பாளா என்று தெரியாமல் கிடக்கிறாள். இரவு நேரத் தொடரின் நாயகி ஒருத்தியை இவ்வளவு மன்னிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்த அன்றைக்குத் துணிச்சல் வேண்டும்.

உங்களை அழ வைத்த எபிசோடு எது?

எளிதில் அழுபவள் இல்லை நான். ஆனாலும் 1979-இல் இரண்டு பகுதிகளாக வந்த 'மாஸ்டெக்டமி'. மிஸ் எல்லிக்கு மார்பகப் புற்றுநோய். நோயைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு. கணவன் ஜாக்குக்குத் தனக்கு முன்பே ஒரு மனைவி இருந்தாள், அவள் மனநோய்க்கு ஆளானபோது விவாகரத்துச் செய்துவிட்டான் என்ற செய்தி அப்போதுதான் அவள் காதுக்கு வருகிறது. நோயுற்ற ஒருத்தியை விட்டுவந்தவன், மார்பகம் இழந்த என்னோடு இருப்பானா? இதுதான் அவள் கேள்வி. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய உடைகள் எதுவும் உடம்பில் சரியாக நிற்காமல் போகும்போது அவளுக்கு வருவது அழுகை அல்ல, ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் பொய்யே இல்லை. நடித்த பார்பரா பெல் கெடஸ் அதே நோய்க்கு அதே அறுவைச் சிகிச்சையைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டவர். 1980-இல் அவருக்குச் சிறந்த நடிகைக்கான எம்மி விருது கிடைத்தது. அந்தத் தொடரில் நடிப்புக்காக எம்மி வாங்கியவர் அவர் ஒருவரே. லாரி ஹேக்மனுக்குக் கிடைக்கவில்லை என்பதை விருதுக் குழுவினர்தான் விளக்க வேண்டும்.

இன்னொன்று ஜாக்கின் மரணம். ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் இறந்துவிட்டார். வேறு ஆளைப் போடவில்லை. ஜாக் தென் அமெரிக்காவில் வேலையாக இருக்கிறார் என்று மாதக்கணக்கில் கதையை ஓட்டினார்கள். 1982 ஜனவரியில்தான் ஹெலிகாப்டர் விபத்து. 'தி சர்ச்' என்ற எபிசோடில் மூன்று மகன்கள் காட்டுக்குள் தேடப் போகிறார்கள். ஜே.ஆர்., பாபி, அப்புறம் ஜாக்கின் முறைசாராப் பிள்ளை என்று பின்னால் தெரியவந்த ரே. (இந்த ரே, முதல் எபிசோடில் லூசியோடு வைக்கோல் பரணில் ஒதுங்கியவன். பிறகு அவளுக்கே சித்தப்பா முறை ஆகிவிட்டான். எழுத்தாளர்கள் அதைப் பார்வையாளர்கள் மறந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். நாங்கள் மறக்கவில்லை.) உடல் கிடைப்பதில்லை, ஜாக் கழுத்தில் அணிந்த பதக்கம் மட்டும் கிடைக்கிறது. மிஸ் எல்லி நம்ப மறுக்கிறாள். பிறகு ஒருநாள் சமையலறையில் தட்டுகளை ஒவ்வொன்றாக எறிந்து உடைத்து, ஜாக் செத்துவிட்டார் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறாள். எண்ணெய்க் கிணறு, வங்கிக் கடன், கள்ளக்காதல் எல்லாவற்றையும் அந்தத் தட்டுகள் தின்றுவிடுகின்றன.

பாபி செத்து, ஓராண்டு கழித்துக் குளியலறையில் எழுந்து வந்த கதையை நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?

பொறுத்துக்கொண்டேன் என்று யார் சொன்னது?

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். பாபியாக நடித்த பாட்ரிக் டஃபி விலகிக்கொள்ள விரும்பினார். 1985 மே 17-ஆம் தேதி 'ஸ்வான் சாங்' என்ற எபிசோடில் அவர் பாத்திரத்தைக் கொன்றார்கள். என் வரிசையில் முதல் மூன்றுக்குள் இது வரும். வேறொரு பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்த பாபி, கடைசியில் முன்னாள் மனைவி பமீலாவிடமே திரும்பிவிடுகிறான். மறுநாள் காலை, அவள் வீட்டு வாசலில் விடைபெறும்போது ஒரு கார் பாய்ந்து வருகிறது. பமீலாவைத் தள்ளிவிட்டுத் தான் அடிபடுகிறான். மருத்துவமனையில் குடும்பம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நிற்கிறது. ஒற்றுமையாக இருங்கள் என்கிறான். இதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேராகிறது. ஜே.ஆர். அழுகிறான். வாழ்க்கை முழுக்க யாரைத் தோற்கடிக்க அவன் பாடுபட்டானோ அவனே போய்விட்டான். இனி யாரோடு மல்லுக்கு நிற்பது? ஹேக்மன் அந்தக் காட்சியில் வசனமே இல்லாமல் இதைச் சொல்லிவிடுகிறார்.

பாபி இல்லாத அடுத்த சீசன் தள்ளாடியது. கூட்டம் குறைந்தது. ஹேக்மனே டஃபியைக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொன்னார். செத்தவனை எப்படிக் கொண்டுவருவது? 1986 மே 16-ஆம் தேதி சீசன் கடைசிக் காட்சி: பமீலா உறக்கத்திலிருந்து எழுகிறாள், குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம், கதவைத் திறக்கிறாள், சோப்பு நுரையோடு பாபி திரும்பி 'குட் மார்னிங்' என்கிறான். இதையும் ரகசியமாக வைக்க, ஒரு சோப்பு விளம்பரத்துக்கான படப்பிடிப்பு என்று சொல்லி டஃபியைத் தனியாக எடுத்து ஒட்டினார்களாம். செப்டம்பர் 26-ஆம் தேதி விளக்கம் வந்தது: பாபியின் மரணமும் அதற்குப் பிறகு நடந்த ஓராண்டுக் கதையும் பமீலா கண்ட கனவு.

எல்லாரும் இதைக் கேலி செய்கிறார்கள். என் ஆதங்கம் வேறு. அந்தக் கனவுக்குள் சூ எலனின் ஆகச் சிறந்த வாரங்கள் இருந்தன. 'ராக் பாட்டம்' என்ற எபிசோடைத் தேடிப் பாருங்கள். பாபியின் சாவுக்குப் பிறகு குடித்துக் குடித்து, நகரத்தின் பின்தெருக்களில் வீடற்ற குடிகாரர்களின் நடுவே வந்து விழுந்துவிடுகிறாள். எண்ணெய்க் கோடீஸ்வரன் மனைவி என்று அவளைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு குடிநோயாளிகள் வார்டில் உடம்பு உதற உதறக் கிடந்து, மெல்ல மெல்ல எழுந்து, மாதக்கணக்கில் குடியை விட்டு நிற்கக் கற்றுக்கொள்கிறாள். முகப்பூச்சு இல்லாத அந்த முகத்தோடு லிண்டா கிரே நடித்ததெல்லாம், அடுத்த செப்டம்பரில் 'நடக்கவே இல்லை' என்று ஆகிவிட்டது. அதுவும் யாருடைய கனவு? அவளுடையதுகூட இல்லை, பமீலாவுடையது! ஒரு பெண் பட்டு மீண்ட பாட்டை இன்னொரு பெண்ணின் தூக்கத்தில் கரைத்துவிட்டார்கள். எட்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் நடந்ததெல்லாம் நடந்ததுதான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லிக்கு வெட்டியது வெட்டியதுதான். ஜாக் போனது போனதுதான். அந்த நம்பிக்கை போன பிறகும் ஐந்து ஆண்டுகள் ஓட்டினார்கள். நானும் பார்த்தேன். ஆனால் யார் செத்தாலும் 'பார்க்கலாம்' என்று உட்கார்ந்துகொண்டேன்.

'நாட்ஸ் லேண்டிங்' தொடரில் பாபி செத்தவனாகவே இருக்கிறானே?

ஆமாம். அது யூயிங் வீட்டு நடுப்பிள்ளை கேரியும் அவன் மனைவி வாலும் கலிஃபோர்னியாவில் குடியேறிய கதை. 1979 முதல் 1993 வரை ஓடியது. அங்கே கேரி தம்பிக்காகத் துக்கம் காத்தான். 'டாலஸ்'காரர்கள் எல்லாம் கனவு என்று சொன்னபோது, நாங்கள் அழுதது அழுததுதான் என்று இவர்கள் மாற்றிக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். மானமுள்ளவர்கள்.

'டைனஸ்டி' பெரிதா, 'டாலஸ்' பெரிதா?

உடைக்கு 'டைனஸ்டி'. 1985 மே 15, புதன்கிழமை, அதன் கதாபாத்திரங்கள் மொத்தப் பேரையும் ஒரு திருமணத்தில் துப்பாக்கியால் சல்லடையாக்கினார்கள். பிறகு பார்த்தால் முக்கியமில்லாத இரண்டு பேர்தான் செத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை பாபி ஒருவன் செத்தான். எது வலித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மிஸ் எல்லிக்கு நடுவில் முகம் மாறியது ஏன்?

பார்பரா பெல் கெடஸுக்கு இதய அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது, 1984-இல் விலகினார். ஜாக்குக்குப் பிறகு மறுமணம் செய்து தேனிலவுக்குப் போன எல்லி, டோனா ரீட் என்ற வேறு நடிகையாகத் திரும்பி வந்தார். பிள்ளைகள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை! ஒரே சீசனில் பார்பரா திரும்பிவிட, டோனா ரீடை நிறுத்திவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். 1986 ஜனவரியில் இறந்துபோனார். அவருடைய எல்லியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலி இன்னொருவருடையது, அவ்வளவுதான்.

முழுதாகப் பார்க்கத் தகுந்த ஒரே ஒரு சீசன்?

1982 இலையுதிர் காலத்தில் தொடங்கியது. ஜாக்கின் உயில் படிக்கப்படுகிறது. நிறுவனத்தை ஜே.ஆருக்கும் பாபிக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்து, ஓராண்டில் யார் அதிகம் சம்பாதிக்கிறானோ அவனுக்கே ஆளுகை என்று எழுதி வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். ஜே.ஆர். தடையை மீறி கியூபாவுக்கு எண்ணெய் விற்கப் போகிறான். அது எதிர்பார்த்ததுதான். நல்லவன் பாபி என்ன செய்கிறான்? அரசு அதிகாரி ஒருவரை அந்தரங்க வீடியோவைக் காட்டி மிரட்டிக் காரியம் சாதிக்கிறான். மிரட்டி முடித்ததும் அவன் முகத்தில் தெரியும் அருவருப்பும் கூடவே இருக்கும் ஒரு சின்னத் திருப்தியும்தான் அந்த சீசன். தாயே நீதிமன்றம் ஏறிக் கணவனின் உயிலை உடைக்கப் பார்த்துத் தோற்கிறாள். கடைசியில் வீடு தீப்பிடிக்கிறது. அதற்கு முன்பே அது பற்றியெரிந்துகொண்டிருந்ததால் எனக்கு அதிர்ச்சி இல்லை.

சௌத்ஃபோர்க் நிஜமான வீடா?

நிஜம். டாலஸ் நகருக்கு வடக்கே பார்க்கர் என்ற ஊரில் இருக்கிறது. கட்டணம் கட்டிச் சுற்றிப் பார்க்கலாம். உள்ளறைக் காட்சிகள் பெரும்பாலும் கலிஃபோர்னியா ஸ்டூடியோவில் எடுத்தவை. போய்ப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது: 'இவ்வளவு சின்ன வீடா!'

உங்களுக்கு மிகப் பிடித்த எபிசோடைச் சொல்லாமலே கழுத்தறுக்கிறீர்கள், அம்மா!

'ரீல் லைஃப்'. 1989 மே 19. சூ எலன் தொடரைவிட்டுப் போகும் எபிசோடு.

இதற்கு முன்பே அவள் பாடம் கற்றுவிட்டாள். ஜே.ஆரின் ஆசைநாயகி மாண்டியையே மாடலாகப் பிடித்துப் பெண்களுக்கான உள்ளாடை நிறுவனம் நடத்தி, கணவன் ஒளித்து ரசித்ததை ஊர் முழுக்க விளம்பரப் பலகையில் ஏற்றியவள். இப்போது ஒரு படமே எடுத்துவிட்டாள், தன் திருமண வாழ்க்கையை அப்படியே வைத்து. திரையிடும் அறைக்கு ஜே.ஆரை அழைத்து உட்கார வைக்கிறாள். திரையில் அவனைப்போல் ஒருவன், அவளைப்போல் ஒருத்தி. முதலில் சிரித்துக்கொண்டே பார்க்கிறான். போகப் போகச் சிரிப்பு வடிகிறது. விளக்கு எரிகிறது. அவள் குரலை உயர்த்துவதில்லை. இந்தப் படத்தை இப்போதைக்கு வெளியிட மாட்டேன்; ஆனால் மகன் விஷயத்தில் நீ சரியாக நடக்காவிட்டாலோ, இல்லை ஒருநாள் காலையில் எனக்கு மனநிலை சரியில்லாவிட்டாலோகூட வெளியிட்டுவிடுவேன்; டெக்சஸே உன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்கிறாள். சொல்லிவிட்டுப் புது ஆளோடு கிளம்பிவிடுகிறாள். அந்த இரண்டாவது காரணத்துக்காகவே நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். மனநிலை சரியில்லாவிட்டாலும் வெளியிடுவாளாம்! பதினோரு ஆண்டுகள் அந்த வீட்டில் அவளை அழவைத்த எத்தனையோ விஷயங்களுக்கு அவனிடம் அதைவிடப் பெரிய காரணம் இருந்ததா என்ன?

2012-இல் இரண்டாம் தலைமுறையை வைத்து 'டாலஸ்' மீண்டும் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி ஹேக்மன் இறந்தார். 2013 மார்ச்சில் ஜே.ஆரின் இறுதிச் சடங்கு எபிசோடு. அத்தனை காலம் குடிக்காமல் இருந்த சூ எலன் அன்றைக்குக் குடித்துவிட்டு வந்து, அவன் கடைசியாக எழுதிய கடிதத்தைக் கல்லறையருகே படிக்கிறாள். இதுவும் என் வரிசையில் உண்டு. இங்கே யாரும் கனவு காணவில்லை.

கடைசி எபிசோடு பிடிக்குமா?

பாதி. 'கனண்ட்ரம்', 1991. ஜே.ஆர். பிறக்காமலே இருந்திருந்தால் மற்றவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று ஓர் ஆவி அவனுக்குக் காட்டுகிறது. ஆவியாக ஜோயல் கிரே. பாபி சூதாடிக் கடனாளி ஆகியிருக்கிறான். எப்போதும் தோற்கும் க்ளிஃப் அமெரிக்க அதிபர். சூ எலன் நெடுந்தொடர் நட்சத்திரம், நிம்மதியாக இருக்கிறாள். இவ்வளவும் ரசித்தேன். வந்தது தேவதை இல்லை என்று கண்ணில் சிவப்பொளி காட்டும் இடமும் சரி. பிறகு துப்பாக்கி வெடிக்கிறது, பாபி கதவைத் திறந்து அதிர்கிறான், தொடர் முடிந்தது. 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்து, அவன் சுட்டது கண்ணாடியை என்றார்கள். மறுபடியும் அழிப்பானை எடுத்துவிட்டார்களே என்று எனக்கு வந்த கோபத்தை ஆசிரியர் அச்சிட மாட்டார்.

357 எபிசோடுக்கு எனக்கு நேரமில்லை. எங்கே தொடங்கட்டும்?

முதல் ஐந்தை வரிசை மாறாமல் பாருங்கள். பனியும் சேறுமாக, பளபளப்பு ஏறாத டெக்சஸ் அதில்தான் இருக்கிறது. பிறகு மேலே நான் பெயர் சொன்னவற்றை ஆண்டு வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிச் சூட்டையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கனவாகப் போன அந்த 1985-86 சீசனை விட்டுவிடலாம், கதைக்கு அது தேவையில்லை என்று பலரும் உங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். குறைந்தது சூ எலன் வரும் எபிசோடுகளையாவது பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் சமையல் குறிப்புக்குத்தான் இடம் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார், ஆனால் அவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும்.